ஓமலூர்–பரமத்தி நெடுஞ்சாலை: அதன் போக்கும் வரலாறும், சங்க அங்கத்தினருக்கு அதிலுள்ள பங்கும்

எடப்பாடி வட்டாரத்துச் சங்கங்களின் அங்கத்தினர்கள் அநேகமாய் வாரம் ஒரு தடவையேனும் மிதிக்கும் சாலை ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் கூற முன்வந்தோம். மாநில நெடுஞ்சாலை எண் 86 என்று சர்க்கார் தஸ்தாவேஜுகளில் குறிக்கப்படும் ஓமலூர்–சங்ககிரி–திருச்செங்கோடு–பரமத்தி ரஸ்தாவே அது. எடப்பாடி நகரம் அதன்மேல் அமைந்ததன்று. ஆயினும் எடப்பாடியிலிருந்து கிழக்கு நோக்கிப் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம் சென்றால் கொங்கணாபுரத்தில் அச்சாலையைச் சந்திக்கலாம். சேலத்திலிருந்து எடப்பாடிக்கு வரும் சாலையும் இச்சாலையும் ஒன்றையொன்று வெட்டுமிடம் அதுவே. நம் பகுதியின் பருத்தியும், ஆடும், கோழியும், தேங்காய்ப் பருப்பும் விலைபோகும் இடமும் அதுவே. சாலையின் வரலாற்றை நாம் படிக்க வேண்டிய காரணம் இவ்விரண்டு செய்திகளின் சேர்க்கையில் இருக்கிறது.

முதலில் போக்கைக் கவனிப்போம். ஓமலூரில் தொடங்கும் இச்சாலை தென்மேற்காகத் திரும்பி, ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் தாரமங்கலத்தை அடைகிறது. அப்பால் சின்னப்பம்பட்டி, கிரிக்கெட் ஆட்டத்தில் பேர்பெற்ற நடராஜன் பிறந்த ஊர் என்று இப்போது பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். பிறகு கொங்கணாபுரம், அதன்பின் சங்ககிரி. சங்ககிரியிலிருந்து தெற்கே மீண்டும் ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் திருச்செங்கோடு. அங்கிருந்து தென்கிழக்காகச் சித்தாளந்தூர், கந்தம்பாளையம் வழியாகப் பரமத்தியில் முடிகிறது. 1997-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் நாமக்கல் தனி ஜில்லாவானபின், ஒரே சாலையின் வடபாதி சேலம் ஜில்லாவிலும் தென்பாதி நாமக்கல் ஜில்லாவிலும் அடங்கியுள்ளது.

தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் வேறொரு விஷயம் தெளிவாகும். பெங்களூரிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 44 (முன்பு எண் 7 என வழங்கியது) ஓமலூர், சேலம், நாமக்கல், பரமத்தி வழியாகக் கரூருக்குச் செல்கிறது. நம் சாலை ஓமலூரில் அதைவிட்டுப் பிரிந்து, மேற்கே வளைந்து, பரமத்தியில் மறுபடியும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. தேசிய சாலையை நாணாகக் கொண்டால் நம் சாலை வில்லின் வளைவு. அவ்வளைவின் நடுவில், சங்ககிரியில், சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 (முன்பு எண் 47) குறுக்கே போகிறது. ஆகவே கொங்கணாபுரத்தில் ஏற்றிய ஒரு மூட்டை வடக்கே பெங்களூருக்கும், மேற்கே கோயமுத்தூர், திருப்பூருக்கும், தெற்கே கரூர், மதுரைக்கும் சேலம் நகருக்குள் நுழையாமலே போய்விடலாம். உட்புறத்தில் அமைந்த கிராமங்களுக்கு இவ்வளவு சௌகரியம் வாய்ப்பது அரிது.

இச்சாலையிலுள்ள ஊர்கள் பழமையானவை. தாரமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஆண்ட கட்டி முதலிகள் அங்குள்ள கைலாசநாதர் ஆலயத்தைப் பெருந்திருப்பணியாகச் செய்தனர். அதன் சிற்பவேலை காண இன்றும் தூரதேசத்திலிருந்து ஜனங்கள் வருகின்றனர். 17-ம் நூற்றாண்டில் இந்நாடு மைசூர் அரசர் கைக்கு மாறிற்று. ஓமலூரில் ஒரு கோட்டை, சங்ககிரி மலைமேல் ஒரு கோட்டை, திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர் ஆலயம் என்று இவ்வழியை அமைத்தவை கோட்டைகளும் கோயில்களுமே என்றால் தவறாகாது. படை நடக்கவும், தேர்த் திருவிழாவுக்கு ஜனங்கள் கூடவும் வழி தேவைப்பட்டது. எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியெடுத்து நடந்து செல்லும் பெருங்கூட்டத்தாரை இங்கே நினைவுகூரலாம். தைப்பூசத்தையொட்டிச் செல்லும் அக்கூட்டத்தார் பழனியிலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயார்செய்து, மலைமேல் இரவு தங்கும் தனி உரிமையும் பெற்றுள்ளனர். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு சேர்த்து, சாமான் வாங்கி, வண்டியமர்த்தி, வழியில் சோறிட்டு, பல்லாயிரம் பேரை ஒழுங்காய் அழைத்துச் சென்று திரும்பும் இவ்வேற்பாட்டைப் பார்த்தவர் எவரும், நம் ஜனங்களுக்குக் கூட்டுறவு தெரியாது என்று சொல்லத் துணியார்.

1792-ம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் வசமாயின. காப்டன் ரீட் என்பவரும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரையில் இங்கே நிலங்களை அளந்து, குடியானவர் ஒவ்வொருவருடனும் நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறைக்கு அடிகோலினர். பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய அம்முறையின் தொட்டில் நம் ஜில்லாவே. 1805-ம் வருஷத்தில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டது சங்ககிரிக் கோட்டையில். கோட்டையின் யுத்த உபயோகம் அத்துடன் அநேகமாய் முடிந்தது. அதன்பின் இவ்வழியில் நடந்த பெரிய போக்குவரத்து, குடியானவரின் விளைச்சல் வியாபாரியிடம் போவதும், அவ்விலையிலிருந்து கிஸ்திப் பணம் கஜானாவுக்குப் போவதுமாம். கிஸ்தியை ரொக்கமாய், குறித்த தவணையில் கட்ட வேண்டும். தவணை வந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வேண்டும். எல்லோரும் விற்கும்போது விலை என்னவாகும் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

சாலைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1866-ம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் ரோடு செஸ் சட்டம் வந்து, நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு அரையணா விதிக்கப்பட்டது. 1871-ம் வருஷத்து ஸ்தல நிதிச் சட்டம் அதனை ரூபாய்க்கு ஓரணாவரை உயர்த்த இடமளித்தது. 1884-ம் வருஷத்துச் சட்டத்தால் ஜில்லா போர்டுகளும் தாலூகா போர்டுகளும் ஏற்பட்டுச் சாலைகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. இதல்லாமல் சுங்கச்சாவடிகளில் வண்டிக்கு வண்டி காசு வசூலிக்கப்பட்டது. நிலத்தின்மேல் செஸ் கட்டிய குடியானவரே தன் பாரவண்டியை ஓட்டிச் செல்லும்போது மறுபடியும் சாவடியில் நிறுத்தப்பட்டார். 1931-ம் வருஷத்தில் மோட்டார் வண்டி வரிச் சட்டம் வந்த பிறகே அச்சாவடிகள் நீங்கின. (இன்று தேசிய நெடுஞ்சாலைகளில் அவை வேறு உருவில் திரும்பியுள்ளன என்பது வேறு விஷயம்.)

இருப்புப்பாதை வந்ததும் நம் சாலையின் தலைவிதி சிறிது காலம் மாறிற்று. சென்னையிலிருந்து வந்த ரயில் 1861-ம் வருஷம் பிப்ரவரியில் சேலத்தை எட்டியது. அவ்வருஷம் டிசம்பரில் சங்ககிரியை எட்டியது. அடுத்த வருஷம் மே மாதத்தில்தான் அப்பாதை போத்தனூர் வரையில் நீண்டது. ஆகவே ஏறத்தாழ ஐந்து மாதகாலம் சங்ககிரியே ரயிலின் கடைசி ஸ்டேஷனாயிருந்தது. பின்னர் தூரப் போக்குவரத்து ரயிலுக்குப் போய்விட, சாலைகள் ஸ்டேஷனுக்குச் சரக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கிளைகளாயின.

கிளை பலவீனமாயிருந்தால் நேரும் கேடு 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தில் வெளிப்பட்டது. ரயில் தானியத்தைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் குவித்தது. அங்கிருந்து உட்கிராமத்துக்கு எடுத்துச்செல்ல வண்டி மாடுகள் தீனியின்றி மடிந்துகொண்டிருந்தன. பல இடங்களில் வண்டித்தடம் தவிர வேறு சாலையுமில்லை. 1871-ம் வருஷத்து ஜனக்கணக்கில் சேலம் ஜில்லாவின் தொகை 19,66,995. 1881-ம் வருஷத்தில் அது 15,99,595. பத்து வருஷத்தில் பெருக வேண்டிய தொகை மூன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்தது. இறந்தவர் எத்தனை, ஊரைவிட்டுப் போனவர் எத்தனை என்று இத்தொகையைக் கொண்டுமட்டும் பிரித்துச் சொல்லல் இயலாது. ஆனால் தானியம் இருந்தும் அது சேரவில்லை என்ற பாடம் சர்க்காருக்கு உறைத்தது. பஞ்ச நிவாரண வேலைகளில் கப்பி உடைப்பதும் ரோடு போடுவதும் முக்கிய இடம் பெற்றன. பசித்தவர் கூலிக்கு உடைத்த கல் நம் மாகாணத்துச் சாலைகள் பலவற்றின் அடியில் கிடக்கிறது.

மோட்டார் வண்டிகள் பெருகியதும் கப்பிச் சாலைகள் தூள்பறந்தன. மாட்டுவண்டியின் இரும்புப் பட்டா கப்பியை நொறுக்கும். மோட்டாரின் ரப்பர்ச் சக்கரம் அத்தூளை உறிஞ்சி வீசும். இரண்டும் ஒரே சாலையில் ஓடவே, தார் போட வேண்டிய அவசியம் ஏற்பட்டது. 1927-ம் வருஷத்தில் அமைந்த ஜெயகர் கமிட்டியின் சிபாரிசின்படி 1929-ல் பெட்ரோல் மீது காலனுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்து மத்திய ரோடு நிதி ஏற்படுத்தினர். 1943-ம் வருஷத்தில் நாகபுரியில் கூடிய தலைமை எஞ்சினியர்கள், தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, ஜில்லா ரோடு, கிராம ரோடு என்னும் வகுப்புமுறையை வகுத்தனர். இன்று நம் சாலைக்குள்ள பெயரின் மூலம் அதுவே. 1946-ம் வருஷம் ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைகளுக்கென்றே தனி இலாகா ஏற்பட்டது. 1958-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டுகள் மறைந்தன. ஊர்ச்சாலைகள் பஞ்சாயத்து யூனியன்களைச் சேர்ந்தன. எடப்பாடித் தொகுதியைச் சேர்ந்த திரு. எடப்பாடி பழனிசாமி 2011 முதல் 2021 வரையில் நெடுஞ்சாலை இலாகாவை வகித்தார். 2021-ம் வருஷத்தில் சென்னை–கன்னியாகுமரி தொழிற்பாதைத் திட்டத்திற்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவி கிடைத்தது. நம் சாலையின் ஓமலூர்–திருச்செங்கோடு பகுதியும் அத்திட்டத்தில் அகலப்படுத்துவதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

இனி, இச்சாலையால் அங்கத்தினர் அடையும் பலனென்ன என்னும் கேள்விக்கு வருவோம். சாலை நன்றாயிருந்தால் விளைச்சலுக்கு நல்ல விலை தானே வரும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. நல்ல சாலையில் குடியானவர் சந்தைக்குப் போவது எளிது. வியாபாரி குடியானவரின் களத்துக்கு வருவதும் அதேயளவு எளிது. வியாபாரி வரும்போது தன் தராசோடும், முன்பே கொடுத்த அட்வான்ஸ் கணக்கோடும் வருகிறார். களத்தில் ஒரு விற்பவர், ஒரு வாங்குபவர். அங்கே பேசுவது பேரமாகாது. 1792 முதல் நாம் கண்ட நிலையே அது. வண்டி மாத்திரம் மாறியிருக்கிறது.

கொங்கணாபுரத்தில் திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் நடத்தும் பருத்தி ஏலம் இதற்கு மாறான ஏற்பாடு. கொண்டுவந்த மூட்டைகளை அவரவர் பெயரில் எடையிட்டு, பி.டி. ரகம், டி.சி.எச். ரகம், கழிவான கொட்டுப் பருத்தி என்று பிரித்துக் குவியல் குவியலாக வைக்கின்றனர். வெளியூர் வியாபாரிகள் பலர் வந்து ஒவ்வொரு குவியலையும் கையிலெடுத்துப் பார்த்து விலை கேட்கின்றனர். பல வாங்குபவர் ஒருவரோடொருவர் போட்டியிடுவதும், எடை சங்கத்தின் எடையாயிருப்பதும், விலை எல்லோரும் அறியத் தெரிவதும் ஆகிய மூன்றும் களத்தில் கிடையா. அன்றைய ஏல விலை மறுநாள் பத்திரிகையில் வருவதால், ஏலத்துக்கு வராதவரும் அதைச் சொல்லித் தம் களத்து வியாபாரியிடம் வாதாடலாம். சங்கத்துக்குச் சரக்குக் கொடாதவரும் சங்கத்தால் பிழைக்கின்றனர் என்று சில நிர்வாகிகள் குறைகூறுவதுண்டு. அதில் உண்மையுண்டு, அதற்காக விலையை மறைத்து வைக்கவும் முடியாது.

ஏலத்துக்கு வராத அங்கத்தினரிடம் காரணம் கேட்டால், மூட்டை கொஞ்சம், வண்டி வாடகை கட்டாது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கிராமத்தில் பத்து அங்கத்தினர்; ஒவ்வொருவரிடமும் மூன்று மூட்டை. தனித்தனியே சிறு வண்டி அமர்த்தினால் தலைக்கு ரூ. 500 வாடகை. மூட்டை ஒன்றுக்கு ரூ. 167 ஆகிறது. முப்பது மூட்டையையும் ஒரே வண்டியில் ரூ. 2,000-க்கு ஏற்றினால் மூட்டை ஒன்றுக்கு ரூ. 67. மிச்சம் மூட்டைக்கு ரூ. 100. இத்தொகைகள் உதாரணத்துக்கே; உங்கள் ஊர் வாடகையை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். இதற்கு வேண்டியது, முதல்நாள் மாலைக்குள் இன்னார் இத்தனை மூட்டை என்று எழுதும் ஒரு நோட்டும், வண்டியோடு சென்று ரசீதுகளை வாங்கிவரும் ஒருவருமே. முறைவைத்து ஆளுக்கு ஒரு வாரமாகப் போகலாம். ஒரே ஆள் எப்போதும் போனால் அவர்மேல் சந்தேகம் பிறக்கும், அல்லது அவருக்குச் சலிப்புப் பிறக்கும்.

பருத்தியைப் பற்றி இன்னொன்று. மாலைப் பனியில் எடுத்த பருத்தியையும், எடை கூடட்டுமென்று ஈரத்தோடு கட்டிய பருத்தியையும் வாங்குபவர் கையில் தொட்டவுடன் அறிவர். ஆதரவு விலைக்கு வாங்கும் இந்தியப் பருத்திக் கழகம் ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் விலையைக் குறைக்கிறது. 12-க்கு மேற்பட்டால் வாங்குவதேயில்லை. தனி வியாபாரிகளும் மனத்தில் அதே அளவுகோலைத்தான் வைத்துள்ளனர். பொதுவண்டியில் ஒருவருடைய ஈரமூட்டை மற்ற ஒன்பதுபேர் மூட்டைக்கும் கெட்ட பெயர் தேடிவைக்கும். ஆகையால் ஏற்றும்போதே பார்த்து, காயாததை நிறுத்திவிட வேண்டும். உறவினரானாலும் நிறுத்த வேண்டும் என்பதில்தான் கஷ்டம்.

சாலையின் ஆயுளைப் பற்றியும் தெரிந்துகொள்வது நலம். அமெரிக்காவில் இல்லினாய் நாட்டில் 1958 முதல் 1960 வரையில் பாரவண்டிகளை இடைவிடாது ஓட்டி ஒரு பெரும் பரிசோதனை செய்தனர். அச்சின்மேல் ஏறும் பாரம் இரட்டித்தால் சாலைக்கு உண்டாகும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று அதில் தெரியவந்தது. நம் தேசத்தில் நான்கு சக்கரமுள்ள ஒற்றை அச்சுக்குச் சட்டம் அனுமதிக்கும் பாரம் 2018 முதல் 11.5 டன். அதன்மேல் 15 டன் ஏற்றினால் சேதம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. சங்ககிரி லாரித் தொழிலுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பேர்போனவை. அத்தொழில்களால் இவ்வானம் பார்த்த பூமியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. அவற்றைக் குறைகூறுவது நம் கருத்தன்று. ஆனால் மூன்று லாரியின் சேதத்தை ஒரு லாரி செய்து, ஒரு லாரியின் வாடகையை மட்டும் மிச்சம்பிடித்தால், மீதிச் செலவு வரிகட்டும் நம் எல்லோர் மீதும் விழுகிறது. கிராம ரோடு இவ்விஷயத்தில் இன்னும் பலவீனமானது. அதன் கனம் பாரலாரிக்காகப் போடப்பட்டதன்று. அறுவடைக் காலத்தில் பெரிய லாரியை ஊருக்குள் அழைக்காமல், டிராக்டரில் நெடுஞ்சாலைவரை கொண்டுவந்து மாற்றி ஏற்றும் கிராமங்களில் ரோடு கூடுதல் காலம் நிற்கிறது.

கடைசியாக, சாலையோரம் நிலமுள்ள அங்கத்தினர்களுக்கு. அகலப்படுத்தும் வேலைக்கு நிலம் வேண்டுமானால் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், 2001-ன் 15-வது பிரிவின்படி அறிவிப்பு வரும். இழப்பீடு 2013-ம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டத்தின் அளவுகோலைத் தழுவிக் கணக்கிடப்படும். அறிவிப்பில் ஆட்சேபணை சொல்லக் குறித்த தவணையுண்டு, தவறவிடலாகாது. இங்கே சங்கத்துக்குச் சம்பந்தமுள்ள விஷயம் இரண்டு. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருந்தாலோ, சகோதரர் கூட்டுப் பட்டாவாயிருந்தாலோ, இழப்பீட்டுத் தொகையை யாருக்குக் கொடுப்பது என்ற தகராறில் பணம் கோர்ட்டில் தங்கிவிடும். அறிவிப்பு வருமுன்பே பாகப்பிரிவினையையும் பட்டா மாற்றத்தையும் முடித்துக்கொள்வது நல்லது. நிலம் சங்கத்துக்கோ நிலவள வங்கிக்கோ அடமானமாயிருந்தால், இழப்பீட்டில் அக்கடனுக்கு முதலுரிமையுண்டு. அதை மறைத்துப் பணம் வாங்கியவர்மேல் பிறகு நடவடிக்கை வருகிறது. ஜாமீன் கொடுத்த அண்டைவீட்டாரும் சேர்ந்து அலைகின்றனர். அறிவிப்பு கையில் கிடைத்த அன்றே அதன் நகலையும், பட்டா, வில்லங்கச் சான்று இவற்றையும் சங்கக் காரியதரிசியிடம் காட்டி, எவ்வளவு நிலம் போகிறது, மிஞ்சும் நிலத்தின் மதிப்பு பாக்கிக் கடனுக்குப் போதுமா என்று கணக்குப் பார்த்துப் பேரேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். நிலத்தோடு கிணறும், மரமும், குழாயும் போகுமானால் அவற்றையும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். அளவெடுக்க வரும் நாளில் சொந்தக்காரர் நேரில் இருப்பது அவசியம்.